இன்குபேட்டர் வாங்கியவர்கள் டிகிரியில் செய்யும் தவறுகள்

காட்பாடிப் பக்கம் ஒரு தம்பி, முட்டை பொரிக்க வாங்கிய புது இன்குபேட்டர் மெஷினைக் காட்டக் கூப்பிட்டார். மே மாதம், ஷீட் கூரை, தட்டில் நூறு நாட்டுக்கோழி முட்டை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் முதல் வருடம் செய்த அதே காரியம்.

முட்டையைத் திருப்பிவிடு, தண்ணீர் வை என்று சொல்ல ஆள் இருக்கிறது. நான் டிகிரியை மட்டும் சொல்கிறேன்.

பேப்பரில் 104, மெஷினில் 37.5

வேலூரில் வெயில் சதம் அடித்தது என்று பேப்பரில் போடுவது பாரன்ஹீட். மெஷினில் எரியும் எண் செல்சியஸ். 104-இல் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுங்கள்: 40. முட்டைக்கு வேண்டியதோ 37.5, அதாவது 99.5 பாரன்ஹீட். அப்படியென்றால் சதம் அடித்த அன்றே வெளிக்காற்று முட்டையைவிடச் சூடு. அதுவும் பேப்பர் சொல்வது நிழலில் எடுத்த கணக்கு. ஷீட்டுக்குக் கீழே இன்னும் ஏறும். இந்தச் சின்ன மெஷினுக்குச் சூடேற்றத்தான் தெரியும். அளவு தாண்டினால் பல்பை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கும், அவ்வளவுதான்.

அக்னி நட்சத்திரத்தில் என் மெஷின் தினமும் மத்தியானம் 39.4 காட்டியது. ரெண்டு டிகிரிதானே என்று விட்டுவிட்டேன். அது கிட்டத்தட்ட 103 பாரன்ஹீட். பிள்ளைக்கு 103 காய்ச்சல் என்றால் அப்படி விடுவோமா? 21-ஆம் நாள் 96 முட்டைக்கு 7 குஞ்சு. மிச்சத்தை உடைத்தால், பாதிக்கு மேல் இறகு முளைத்துச் செத்துக் கிடந்தன. கூமுட்டையைத் தலையில் கட்டிவிட்டார் என்று முட்டை கொடுத்தவரோடு சண்டைக்குப் போனேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

கோடையில் வைத்தே ஆகவேண்டுமென்றால் வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில் வையுங்கள். அந்த அறைக்குத் தனியாக ஒரு தெர்மாமீட்டர், அதுவும் செல்சியஸில்.

“கடைசி மூணு நாள் ஒரு டிகிரி குறை”

பழைய ஆட்கள் சொல்லும் ஒரு டிகிரி பாரன்ஹீட். செல்சியஸில் அது அரை டிகிரிக்குச் சற்று மேல். 37-இல் வைத்தால் சரி. வித்தியாசத்தை மாற்றும்போது 32-ஐத் தொடவே கூடாது, 1.8-ஆல் வகுத்தால் போதும்.

காய்ச்சல் தெர்மாமீட்டர்

மெஷினுக்குள் அதை வைக்க வேண்டாம். பாதரசம் ஏறினால், உதறாமல் இறங்காது.

சென்டிகிரேடு

செல்சியஸேதான். பழைய பெயர்.

காட்பாடித் தம்பி அன்று காலையில்தான் முட்டையை மெஷினில் வைத்திருந்தார். நான் சொன்னதும் மெஷினை அணைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் குழம்புக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஆறு வந்தது.