வளவைக் கடக்கும் அப்பத்தா

காரைக்குடி வீட்டில் எங்கள் அப்பத்தா, 82 வயதில், வளவு எனப்படும் நடுமுற்றப் பகுதியிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை வழுக்கி விழுந்த பிறகுதான், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த ஆத்தங்குடித் தரைக் கற்களே காரணம் என்பது எனக்கு உறைத்தது. எண்ணெய்த் துடைப்பை நிறுத்தினேன். அப்பத்தாவுக்கு அதில் இன்றும் வருத்தம்தான். கழிப்பறைச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் பதித்த கைப்பிடிக் கம்பி ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டதால், பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை துளையிட்டு, நீண்ட போல்ட்டுகளால் 34 அங்குல உயரத்தில் மீண்டும் இறுக்கினோம். நிலைப்படிகளை இடிக்க மனம் வராமல், விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டி, அருகே இரவு விளக்கு வைத்தேன். சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றக்கூடும் என்பதால், அப்பத்தா இப்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழுகிறார்.