முப்பரிமாண மாடலிங் மென்பொருளுக்கு அமெரிக்கக் காப்புரிமை மீறல் நோட்டீஸ் வந்தால்

காப்புரிமை ஆவணத்தின் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு மிரள வேண்டாம். காப்புரிமையின் எல்லையைத் தீர்மானிப்பவை ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு வரும் கோரல்கள்தாம் (claims, அதாவது எதற்கெல்லாம் உரிமை என்று சொல்லும் வாசகங்கள்).

முதல் வேலை, காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்கேன் தரவிலிருந்து முப்பரிமாணப் பரப்பை உருவாக்கும் மார்ச்சிங் க்யூப்ஸ் முறைக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் பெற்ற 4,710,876 எண் காப்புரிமையைப் பாருங்கள். விண்ணப்பம் 1985 ஜூன் 5, வழங்கியது 1987 டிசம்பர் 1. 1995 ஜூன் 8-க்கு முந்தைய விண்ணப்பம் என்பதால், வழங்கியதிலிருந்து 17 ஆண்டு, விண்ணப்பித்ததிலிருந்து 20 ஆண்டு, இரண்டில் பிந்தியதே கணக்கு. ஆகவே 2005 ஜூன் 5-இல் முடிந்தது. வழங்கியதிலிருந்து 3½, 7½, 11½ ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டப்பட்டதா என்றும் சரிபாருங்கள். காலாவதியாகிவிட்டாலும், காப்புரிமை உயிரோடு இருந்தபோது நடந்த மீறலுக்கு, வழக்குத் தேதிக்கு முந்தைய 6 ஆண்டுவரை இழப்பீடு கேட்க முடியும்.

அடுத்து ஒப்பீட்டு அட்டவணை. வேறு கோரலைச் சாராத தனிக்கோரல்களை மட்டும் எடுங்கள். இடப்பக்கம் கோரலின் ஒவ்வொரு கூறு. வலப்பக்கம் உங்கள் நிரலின் கோப்பு, ஃபங்ஷன், வரி எண், பதிப்பு. ஒரே ஒரு கூறு இல்லாவிட்டாலும் சொல்லுக்குச் சொல் மீறல் கிடையாது.

இங்கேதான் நிரலாளர்கள் சறுக்குகிறார்கள். எண்களின் எந்த அடுக்கையும் நாம் வெக்டர் என்போம். முக அனிமேஷன் குறித்த மெக்ரோ – பண்டாய் நாம்கோ வழக்கிலோ, கோரலில் வந்த அந்தச் சொல் முப்பரிமாண வெளியில் அளவும் திசையும் உள்ளதையே குறிக்கும் என்று பொருள்கொண்டு, மீறல் இல்லை என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் காப்புரிமையின் விளக்கவுரையிலும், காப்புரிமை அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்திலும் பொருள் தேடுங்கள். காப்புரிமை கிடைப்பதற்காக அதன் உரிமையாளர்கள் விட்டுக்கொடுத்ததை இப்போது திரும்பக் கேட்பது கடினம்.

காப்புரிமையே செல்லாது என்று காட்ட முந்தைய வெளியீடு தேடும்போது விண்ணப்பத் தேதியையே அளவாகக் கொள்ளுங்கள். மார்ச்சிங் க்யூப்ஸ் கட்டுரை 1987-இல்தான் வெளிவந்தது. 1986-இல் வந்த ஆய்வைக் காட்டி 1985 விண்ணப்பத்தை வீழ்த்த முடியாது.

கோரல்களில் சிக்காத மாற்றுவழியும் உண்டு. கனசதுரத்தை 6 நான்முகிகளாகப் பிரிக்கும் மார்ச்சிங் டெட்ராஹீட்ரா அப்படிப் பயன்பட்டதே. முக்கோணங்கள் பெருகும் என்பது அதன் விலை. பெயரை மட்டும் மாற்றிச் சாரத்தில் அதே வேலையைச் செய்தால் ‘சமமானது’ என்ற வாதத்தில் மாட்டுவீர்கள்.

பழைய கமிட் (நிரல் மாற்றப் பதிவு), மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். வழக்கு மனு கையில் கிடைத்த நாளைக் குறித்துவைத்து உடனே அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞரிடம் போங்கள்: காப்புரிமை அலுவலகத்தில் ‘இன்டர் பார்ட்டெஸ் ரிவ்யூ’ என்ற மறுஆய்வு கேட்க அன்றிலிருந்து 1 ஆண்டுதான் அவகாசம்.