பயம் போன பிறகுதான் ரயில் ஏறுவேன் என்பவரோடு எப்படி வேலை செய்வது

கவுன்சலர்களான நம்மிடம் வருபவர்களில் பலர் கேட்பது இதைத்தான்: "இந்தப் பதற்றத்தை முதலில் எடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." ஏற்பு சார்ந்த சிகிச்சை இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறது. பதற்றம் பாட்டுக்கு இருக்கட்டும், அது இருக்கும்போதே உங்களுக்கு முக்கியமானதைச் செய்ய முடியுமா என்று கேட்கிறது. அப்படிச் செய்யும் திறனுக்குத்தான் உளவியல் நெகிழ்வு என்று பெயர். ஆக்ட் (Acceptance and Commitment Therapy) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ், ஸ்ட்ரோசால், வில்சன் ஆகியோரோடு சேர்ந்து 1999-இல் முழு நூலாகக் கொண்டுவந்தார். ஹேய்ஸே பேனிக் அட்டாக்கால், அதாவது திடீரென வந்து தாக்கும் கடும் பயத்தால், பல வருடம் அவதிப்பட்டவர், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்.

பாடப்புத்தகங்களில் இந்த முறையின் ஆறு செயல்முறைகளை (ஏற்பு, எண்ணங்களிலிருந்து விலகி நிற்பது, விழுமியங்கள் போன்றவை) ஓர் அறுகோணமாக வரைந்திருப்பார்கள். தேர்வுக்கு அது சரி. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த வரிசையில் போகவேண்டாம். ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். தாம்பரத்தில் இருக்கும் ஒரு பெண், அம்மா வீடு செங்கல்பட்டில் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் கூட்டமான லோக்கல் ரயிலில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று பயந்துபோனார். டாக்டர் இதயத்தையும் தைராய்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றுவிட்டார் (இது முடியாமல் நீங்கள் தொடங்கவே கூடாது). அதற்கப்புறம் அவர் ரயில் ஏறவில்லை.

முதல் வேலை, இதுவரை என்னவெல்லாம் செய்து பார்த்தார் என்று பொறுமையாகக் கேட்பது. ஆட்டோவில் போவது, கணவர் கூட வந்தால் மட்டும் வெளியே கிளம்புவது, பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், நாத்தனார் சொன்னதற்காக மந்திரித்துக் கட்டிய கயிறு, யூடியூபில் பார்த்த மூச்சுப்பயிற்சி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதையும் கேலி செய்யாதீர்கள், கயிறு உட்பட. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் போதும்: அந்த நேரத்துக்கு ஆறுதல் கிடைத்ததா? இத்தனை நாளில் இதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்று பதில் வரும். இரண்டாவதில்தான் அம்மாவைப் பார்த்தே பல மாதம் ஆகிறது, வேலையை விட்டாயிற்று என்றெல்லாம் வெளிவரும். அந்த இடத்தில் நிறைய பேர் தங்களையே திட்டிக்கொள்வார்கள். நீங்கள் முயற்சி செய்யாமல் இல்லை, கடுமையாகத்தான் முயன்றிருக்கிறீர்கள், இந்த வழிகளால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு துண்டை எடுங்கள். ஒரு முனை அவர் கையில், மறுமுனை உங்கள் கையில். நீங்கள்தான் பதற்றம், இருவரும் இழுக்க வேண்டும். கொஞ்ச நேரம் நன்றாக இழுத்த பிறகு, இப்படி இழுத்துக்கொண்டே உங்கள் அம்மாவுக்கு போன் போட முடியுமா என்று கேளுங்கள். சிலர் இன்னும் பலமாக இழுப்பார்கள். சிலர் தானாகவே முனையைக் கீழே போடுவார்கள். போட்டதும் உடனே விளக்கத் தொடங்காதீர்கள். பதற்றம் இன்னும் அறையில்தான் நிற்கிறது, ஆனால் இப்போது உங்கள் கைகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரப் பேச்சைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

ஏற்பு என்ற பகுதியில்தான் அதிகம் வழுக்கும். படபடப்பு உடம்பில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, அசைகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று கவனிக்கச் சொல்கிறோம், அதைச் சுற்றி மூச்சு விட இடம் கொடுக்கச் சொல்கிறோம். அவரும் வீட்டில் செய்துவிட்டு அடுத்த வாரம் வந்து, "நீங்கள் சொன்னபடி ஏற்றுக்கொண்டேன் மேடம், ஆனாலும் குறையவே இல்லை" என்பார். ஏற்பையும் அவர் பதற்றத்தை விரட்டும் இன்னொரு கருவியாக ஆக்கிக்கொண்டார் என்று அர்த்தம். இங்கே நீங்கள் பதறி வேறு பயிற்சிக்குத் தாவினால், குறைய வேண்டும் என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். "குறையவில்லை என்பது இருக்கட்டும், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவேளை படபடப்போடேயே மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருப்பார். நாம் தேடுவது அதைத்தான்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ஏற்கச் சொல்வது உள்ளே எழும் உணர்வை மட்டும்தான். அடிக்கும் கணவனையோ, தொல்லை தரும் மேலதிகாரியையோ பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக ஒரு வார்த்தைகூட ஒலித்துவிடக் கூடாது. நம் பெண்களுக்கு அந்த உபதேசம் ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. வன்முறை இருந்தால் பாதுகாப்புதான் முதல் வேலை. தற்கொலை எண்ணம் இருந்தால் அதையும் முதலில் மதிப்பிட வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதியே கொடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எண்ணங்களிலிருந்து சற்று விலகி நிற்பதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. டிச்சனர் என்ற உளவியலாளர் 1916-லேயே எழுதிய விஷயம் இது: ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் பொருள் கரைந்து வெறும் சத்தம்தான் மிஞ்சும். நம் ஊரில் "புளி" நன்றாக வேலை செய்யும். முதல் தடவை சொல்லும்போது நாக்கில் நீர் ஊறும், அரை நிமிடம் இருவரும் வேகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஓசை மட்டும்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் "மயங்கிடுவேன்" என்ற அவருடைய சொல்லுக்கு வாருங்கள். வீட்டுக்கு இன்னும் சுலபமானது ஒன்று: "நான் மயங்கிவிடுவேன்" என்பதை "நான் மயங்கிவிடுவேன் என்று ஓர் எண்ணம் வருகிறது" என்று சொல்லிப் பார்ப்பது. எண்ணம் உண்மையா பொய்யா என்று வாதாட வேண்டாம், வாதத்தில் எப்போதும் எண்ணமே ஜெயிக்கும். அண்மையில் யாரையாவது இழந்தவரிடமும், கொடுமைக்கு ஆளானதைச் சொல்பவரிடமும் இந்த மாதிரி சொல் விளையாட்டு கூடவே கூடாது, அது அவமானப்படுத்தும்.

விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் அவருக்கு எது முக்கியம் என்பதைப் பேசும்போது அவசரப்படாதீர்கள். கேட்டவுடன் வருவது பெரும்பாலும் கடமைப் பட்டியலாக இருக்கும்: மாமியார் மனம் கோணக் கூடாது, பிள்ளை நல்ல காலேஜில் சேர வேண்டும். அதற்காகக் குடும்பத்தை ஒதுக்கிவிட்டு "உங்களுக்காக" மட்டும் யோசியுங்கள் என்று தள்ளவும் வேண்டாம், குடும்பம்தான் பலருக்கு உண்மையாகவே விருப்பமானது. யாருமே பார்க்கப்போவதில்லை, பாராட்டப்போவதும் இல்லை என்றால்கூட இதைச் செய்வீர்களா என்று கேளுங்கள், சொந்தமானது எது, பயத்தில் செய்வது எது என்று பிரிந்துவிடும். இந்த முறையில் உங்கள் இறுதிச் சடங்கில் என்ன பேசப்பட வேண்டும் என்று கற்பனை செய்யச் சொல்லும் பயிற்சி ஒன்று பிரபலம். நம்மவர்களிடம் அதைக் கேட்டால் அபசகுனம் என்று முகம் சுருங்கும், அதுவும் சாவு பயத்தோடு வந்திருப்பவரிடம் ஏன்? உங்கள் அறுபதாம் கல்யாணத்தில் மகள் எழுந்து உங்களைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அழகாகப் பேசுவார்கள்.

நம் உதாரணப் பெண்ணுக்கு அம்மா வீட்டுக்குப் போய்வரும் மகளாக இருப்பது முக்கியம் என்று வந்தால், அடுத்த படி ரொம்பச் சின்னது. பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் நிற்பது. அடுத்த வாரம் தாம்பரத்தில் ஏறி பெருங்களத்தூரில் இறங்குவது, ஒரே ஸ்டேஷன். அப்புறம் வண்டலூர். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பயம் இருந்தது என்று மதிப்பெண் வாங்காதீர்கள், வரும் பயத்தோடு இருக்க எவ்வளவு தயாராக இருந்தீர்கள் என்று கேளுங்கள். உளவியல் நெகிழ்வை அளக்க, 2011-இல் வெளியான 7 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. அது நெகிழ்வைவிட மனவேதனையைத்தான் அதிகம் அளக்கிறது என்ற விமர்சனம் இருப்பதால், நான் ஆள் எங்கே போனார், என்ன செய்தார் என்பதையே நம்புவேன்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் நாட்பட்ட வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் இதே அடிப்படையில் உருவாக்கிய பயிற்சியை உகாண்டாவில் தெற்கு சூடான் அகதிப் பெண்களிடம் சோதித்து நல்ல பலன் கண்டது. ஆனால் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற முயலும் சிபிடி (CBT) சிகிச்சையைவிடச் சிறந்தது என்று விளம்பரம் செய்யாதீர்கள், அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

கடைசியாக உங்களைப் பற்றி. அவர் அழத் தொடங்கியதும் உங்கள் கை தண்ணீர் கிளாஸை நோக்கி நீளும். அது அவருக்காகவா, அந்த அழுகையோடு உங்களால் உட்கார முடியாததாலா என்று ஒரு கணம் பாருங்கள். அவர் பாதி வழியில் பயந்து இறங்கிவிட்டு வந்து சொல்லும் வாரத்திலும் இதே சோதனைதான் உங்களுக்கு. சமாதானம் சொல்ல வாய் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, இறங்குவதற்கு முன் உள்ளே என்ன நடந்தது, எந்த எண்ணம் வந்தது, அடுத்த ரயிலில் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த வாரத்தின் வேலை அங்கேயிருந்து தொடங்கும்.