நெட் கார்டு போட்டாச்சு, போன் ஏன் வரல?

கடையில் உதவிக்கு ஒரு தம்பி சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சுறுசுறுப்பான பையன். ஆனால் கடை திறந்த புதிதில் நான் செய்த அதே தப்புகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறான். எனக்கு உசிலம்பட்டியில், தேனி ரோட்டில் ரீசார்ஜ் கடை. எதிரே நிற்கிறவர்களும் அவனைவிட ஒன்றும் தேவலை இல்லை. முதன்முதலாக டச் போன் வாங்கிய பெரியவர்கள், மதுரையில் காலேஜ் சேர்ந்த பிள்ளைகள், எல்லோரும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. அதை விடுங்கள், ரீசார்ஜ் பண்ணுவதில் நடக்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

28 நாளை மாதம் என்று நினைப்பது

"மாசக் கார்டு போடுங்கண்ணே" என்பார்கள். போடுவது 28 நாள் கார்டு. அப்படியென்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. 300 ரூபாய் கார்டுக்கு வருடம் 3,600 என்று மனசு கணக்குப் போடும், கையை விட்டுப் போவது 3,900. 2022 ஜனவரியில், போன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆணையமான ட்ராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துச் சொல்வோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு கார்டு மலிவா என்று தெரிய, விலையை நாளால் வகுத்துப் பாருங்கள்.

மெயின் கார்டு முடிந்தபின் நெட் கார்டு

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். போன வாரம்கூட மல்லிகை வியாபாரம் பண்ணுகிற ஓர் அக்கா வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டை அனுப்புகிறவர். காலையில் யாருடைய போனும் வரவில்லை, அன்றைய விலை தெரியாமலே பூவை ஏற்றி அனுப்பியிருக்கிறார். "நேத்துத்தானேய்யா மகன் ரீசார்ஜ் பண்ணினான்?" என்று போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். மகன் போட்டது நெட் கார்டு, அதாவது டேட்டா மட்டும். பேச்சும் வேலிடிட்டியும் தருகிற மெயின் கார்டு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நெட் கார்டுக்குத் தனி உயிர் கிடையாது. மெயின் பிளான் நடப்பில் இருந்தால்தான் அது ஓடும். சில நெட் கார்டில் 'ஒரு நாள்', '30 நாள்' என்று போட்டிருப்பார்கள். அது டேட்டாவுக்கான கெடு, நம்பருக்கான வேலிடிட்டி இல்லை. விலை குறைவு என்று கண்ணில் படுகிற முதல் கார்டைத் தட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேனா? 2018 கடைசி வரைக்கும் ரீசார்ஜ் பண்ணாத சிம்முக்கும் போன் வந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் கம்பெனிகள் வேலிடிட்டிக்கென்று குறைந்தபட்ச ரீசார்ஜ் கொண்டுவந்தன. என்னிடம் இரண்டு சிம். இரண்டாவது சும்மா கிடந்தது, ஆனால் பேங்கில் கொடுத்திருந்தது அந்த நம்பரைத்தான். நெட் கார்டு ஒன்று போட்டேன், சிம் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அந்த டேட்டாவைத் தொடவே இல்லை. கொஞ்ச மாதம் கழித்து என் நம்பருக்கு நானே அடித்துப் பார்த்தால், ஒரு பெண் எடுத்து "யாரு வேணும்?" என்கிறார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். பேங்கில் ஃபாரம், ஆதார் மையத்தில் வரிசை, கேஸ் ஏஜென்சி என்று மூன்று வாரம் அலைந்தேன். ரீசார்ஜ் கடைக்காரன் நம்பரைத் தொலைத்த கதை கடைத்தெரு முழுக்கப் பரவியது தனி.

விதி இதுதான். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத சிம்மைக் கம்பெனி முடக்கலாம். ஆனால் ப்ரீபெய்டு கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் பேலன்ஸ் இருந்தால், அதில் 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருப்பார்கள். 2025 ஜனவரியில் இது 'ட்ராயின் புது உத்தரவு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. 2013-இலிருந்து இருக்கிற விதி என்று ட்ராயே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு 20 ரூபாய்த் தாளோடு கடைக்கு வந்தார்கள். இதில் இரண்டு சிக்கல். 20 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் வரி, கட்டணம் போக மெயின் பேலன்ஸில் ஏறுவது 14.95. ஆக, ஒரு டாப்-அப்பில் 20 ரூபாய் பேலன்ஸ் தேறாது. அடுத்தது, நம்பர் கைவிட்டுப் போகாது என்பது மட்டும்தான் இதற்கு அர்த்தம். போன் வரும், ஓடிபி வரும் என்பதற்கு இது உத்தரவாதம் இல்லை.

பேங்கில் கொடுத்திருக்கிற போன் நம்பரை, நீங்கள் தினமும் பேசுகிற சிம்மின் நம்பராக மாற்றிவிடுங்கள். பேங்கில் கொடுத்த நம்பர் பட்டன் போனில்தான் இருக்கிறது என்றால், நெட்டே இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள கார்டு போடுங்கள். கம்பெனிகள் அப்படி ஒன்றைத் தனியாகத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் சொல்லிவிட்டது. வேலிடிட்டி ஒரு வருடம் வரை வைக்கலாம் என்றும் விதி மாறிவிட்டது. இது தெரியாமல் அப்பத்தாவின் பட்டன் போனுக்கு தினம் 1.5 ஜிபி போடுகிற பேரன்கள் எங்கள் ஊரில் நிறைய.

மிச்சமான ஜிபி நாளைக்கு வரும் என்று நம்புவது

பெரும்பாலான கார்டில் வராது. ராத்திரி 12 மணிக்கு அது காலி.

லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்

போன் கொடுக்கிற நெட்டை லேப்டாப் வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொள்ளும். அக்கா மகன் ஒரு அசைன்மென்ட் அனுப்ப என் போனில் ஹாட்ஸ்பாட் எடுத்தான். அவன் ஃபைலைத் தேடி முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் அன்றைய டேட்டாவைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் வேகம் 64 கேபிபிஎஸ்தான், வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், போட்டோ சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பின் வைஃபை செட்டிங்கில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததும் முதலில் அதை ஆன் பண்ணுங்கள். டேட்டா பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும் எஸ்எம்எஸ் வருவது வழக்கம், அதைப் படித்த ஒரு வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்லிமிடெட் 5ஜி

போனும் 5ஜி, டவரும் 5ஜி, பிளானிலும் 5ஜி இருந்தால்தான் அன்லிமிடெட். மதுரை டவுனுக்குள் இஷ்டத்துக்குப் படம் பார்த்துவிட்டு பஸ் ஏறுவீர்கள். வழியில் எங்கேயாவது போன் 4ஜிக்கு இறங்கியதும் தினக்கணக்கிலிருந்து கழிய ஆரம்பித்துவிடும். திரையின் மேலே ஓர் எண் மாறும், அவ்வளவுதான் அறிவிப்பு.

தப்பு நம்பருக்குப் போட்ட காசு

பெரும்பாலும் போனதுதான். பட்டனை அழுத்துமுன் பத்து எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள்.

அழகர் இறங்குகிற நாளில் நெட் கார்டு

இதுவும் என் சொந்த அனுபவம். விடிகாலை, ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்துக்குள் நிற்கிறேன். வீட்டில் அம்மாவுக்கு வீடியோ காலில் அழகரைக் காட்ட வேண்டும். நெட்டு நகரவில்லை. டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி ஒரு நெட் கார்டு போடச் சொன்னேன். அவர் போனிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு டவர் இத்தனை பேருக்குத்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு, அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் லட்சக்கணக்கான போன்கள். யார் எத்தனை கார்டு போட்டாலும் ஒன்றும் நகராது. கார்டு ஏறிவிட்டது என்ற எஸ்எம்எஸ் வந்து சேர்ந்தபோது நான் உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய டேட்டாவில் ஒரு ஜிபிக்கு மேல் அப்படியே இருந்தது. அம்மா டிவியிலேயே பார்த்துவிட்டாராம், அழகர் கட்டி வந்தது பச்சைப் பட்டு என்றார்.