நாயோடு வயல்வெளியும் கடற்கரையும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ வெம்ப்ளியிலோ டூட்டிங்கிலோ குடியேறுகிற நம்மவர்களில் பலர், வந்து பல வருடம் ஆன பிறகும் வீடு, வேலை, தமிழ்க்கடை, கோயில் என்ற வட்டத்தைத் தாண்டுவதில்லை. கிராமப்புறம் நமக்கான இடமில்லை, வேலி போட்ட வயலுக்குள் கால் வைத்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கத்தை உடைக்க ஒரு நாய் போதும். மழையோ குளிரோ அது உங்களை வெளியே இழுத்துக்கொண்டு போகும். எதிரே வருபவர் முதலில் நாயிடம் பேசுவார், அப்புறம் உங்களிடம் பேசுவார். வாடகை வீட்டில் நாய் வளர்க்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாயை நடக்கக் கூட்டிப் போகட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முட்டிவலியோடு தினமும் நாயை நடத்துகிற எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி.

சொந்தமாக நாய் வாங்கினால் இரண்டு விஷயம் சட்டப்படி கட்டாயம். ஒன்று மைக்ரோசிப், அதாவது உங்கள் விவரத்தோடு பதிவு செய்து நாயின் தோலுக்கடியில் வைக்கும் சிறு சில்லு. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல், எட்டு வாரம் தாண்டிய எல்லா நாய்களுக்கும் அது இருக்க வேண்டும். மற்றொன்று, பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும். நாம் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். வங்கிக்கும் டாக்டருக்கும் புது முகவரி கொடுப்போம், சிப் பதிவை மறந்துவிடுவோம். காணாமல் போன நாயை கவுன்சில் பிடித்தால் ஏழு நாள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் உங்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நாய் வேறு வீட்டுக்குப் போகலாம்.

வயலுக்கு நடுவே போகும் பாதை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று பலகை வைத்த பாதையில் நடப்பது உங்கள் உரிமை. நிலம் விவசாயியுடையது, ஆனால் அந்தப் பாதையை அவர் மறிக்க முடியாது. கோதுமை வயலுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போனால் தைரியமாக அதில் போகலாம், நாயையும் கூட்டிப் போகலாம். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், நாயை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இந்தப் பாதைகள் எல்லாம் பச்சைக் கோடுகளாக இருக்கும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எத்தனை பாதைகள் கிடக்கின்றன என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

இது தவிர, 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மலை, மேய்ச்சல் மேடு, புதர்க்காடு போன்ற சில நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். அங்கே மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். வானம்பாடி போன்ற பறவைகள் அந்த மாதங்களில் புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டுகின்றன. நாய் கடிக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் ஓடினாலே தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டை குளிர்ந்துவிடும். இதைப் பார்க்க ஈஸ்ட்ஹாம்காரர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. மேனர் பார்க்கை ஒட்டிய வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் வானம்பாடி கூடு கட்டுகிறது, அதற்காக வசந்தத்தில் ஒரு பகுதியைத் தடுத்து வைப்பார்கள். அந்தத் தடுப்பை மதியுங்கள். காலையில் தலைக்கு மேலே அது பாடிக்கொண்டே ஏறுவதைக் கேட்டவர்களுக்கு யாரும் காரணம் சொல்லத் தேவையிருக்காது.

செம்மறி, மாடு, மான்

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். செம்மறி இருக்கும் நிலத்துக்குள் நுழைவதற்கு முன்பே, கதவுக்கு வெளியிலேயே நாய்க்குக் கயிற்றை மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். "என் நாய் ஒன்றும் செய்யாது" என்ற நினைப்பு வேண்டாம். ஊரில் பூனையைக்கூடத் துரத்தாத நாய், ஆடு ஓடுவதைப் பார்த்தால் ஓடும். அது இயல்பு. கடிக்காமல் வெறுமனே துரத்தினாலே சினை ஆட்டுக்குக் குட்டி கலைந்துவிடலாம். ஆட்டைத் துரத்துகிற நாயை வேறு வழியில் தடுக்க முடியாதபோது சுடுவதற்கு விவசாயிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு கயிற்றை நேரத்தில் மாட்டியிருந்தால் இரண்டு உயிரும் பிழைத்திருக்கும் என்று வருந்துகிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

மாடு விஷயத்தில் விதி வேறு. மாட்டோடு வளர்ந்த நமக்கு மாட்டைப் பார்த்துப் பயம் வராது. ஆனால் இங்கே திறந்த வயலில் கன்றோடு நிற்கும் பசு, நாயை ஓநாயாகத்தான் பார்க்கும். கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்ளும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். சுற்று வழி இருந்தால் சுற்றிப் போங்கள். மாடுகள் துரத்தினால் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், மாடுகள் அதன் பின்னால்தான் போகும். நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ளத் தோன்றும். அதுதான் ஆபத்து, மாடு உங்கள்மீதே பாயும்.

லண்டன் ரிச்மண்ட் பார்க்கில் மான்கள் சுதந்திரமாகத் திரியும். மே முதல் ஜூலை வரை குட்டி ஈனும் காலம், அப்போது நாயை அவிழ்த்துவிட அனுமதியில்லை. இலையுதிர் காலத்தில் கலைமான்கள் ஒன்றோடொன்று மோதும். அப்போதும் விலகி நிற்பது நல்லது.

நாய்க் கழிவை அள்ளுவது சட்டமும் மரியாதையும் மட்டுமல்ல. நாய்க் கழிவிலிருந்து புல்லுக்குப் பரவும் ஓர் ஒட்டுண்ணியால் பசுக்களுக்குக் கன்று கலையும். அள்ளிய பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகாமல், எந்தப் பொதுக் குப்பைத் தொட்டியிலும் போடலாம்.

கடற்கரை

மெரினாவிலும் காரைநகரிலும் நின்று பழகியவர்களுக்கு இங்குள்ள கடல் ஒரு விஷயத்தில் முற்றிலும் புதிது. சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். பிரிஸ்டலுக்குக் கீழே செவர்ன் முகத்துவாரத்தில் அது சில நாட்களில் 14 மீட்டரைத் தொடும், உலகிலேயே மிகப் பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று. வெஸ்டன் சூப்பர் மேரில் கடல் இறங்கிய நேரம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் சேறும்தான். நாய் உற்சாகமாகச் சேற்றுக்குள் ஓடும், பின்னாலேயே போனவர் முழங்கால் வரை புதைந்துவிடுவார். கடல் திரும்பி ஏறும்போது நடையைவிட வேகமாக வரும். புறப்படும் முன் அன்றைய கடலேற்ற நேரத்தைப் பாருங்கள். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே நீண்ட தூரம் நடக்காதீர்கள்.

கோடையில் பல கடற்கரைகளில் நாய்க்குத் தடை உண்டு. பெரும்பாலும் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, ஆனால் ஒவ்வொரு கவுன்சிலும் தேதியைத் தானே முடிவு செய்கிறது. தடை பெரும்பாலும் முழுக் கடற்கரைக்கும் இருக்காது. பிரைட்டனில் சில பகுதிகள் மூடியிருக்கும்போதே மற்றவை ஆண்டு முழுவதும் நாய்களுக்குத் திறந்திருக்கும். ஆகவே காரை நிறுத்தியதும் முதலில் பலகையைப் படியுங்கள். அங்கேயே அபராதச் சீட்டு எழுதுவார்கள், வழக்காகப் போனால் 1000 பவுண்ட் வரை ஆகலாம்.

என்னைக் கேட்டால் நாயோடு கடற்கரைக்குப் போகச் சிறந்த காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. நார்ஃபோக்கின் ஹோல்கம் கடற்கரையில் குளிர்காலக் காலையில் நின்று பாருங்கள். பைன் மரக் காட்டைத் தாண்டி வந்ததும் மணல் விரிந்துகொண்டே போகும். அங்கே ஒரு நாய் முதல் முறையாகக் கடலைப் பார்ப்பதைக் கவனியுங்கள்: அலை வரும்போது பின்னால் தாவும், அலை திரும்பும்போது அதைக் குரைத்து விரட்டும், பிறகு காதுகள் பறக்க வட்டமடித்து ஓடும். அதே இடத்தில் வசந்தத்திலும் கோடையிலும் ஆலாப் பறவைகள் மணலில் முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். கயிறு போட்டு அடைத்த பகுதிக்குள் நாய் போகக்கூடாது.

சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸில் வண்டி மாறி சீஃபோர்ட் போகலாம். சீஃபோர்ட் ஹெட் மேட்டில் ஏறினால் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறை வரிசை முழுவதும் எதிரே தெரியும். ஆனால் அந்த விளிம்பு இடிந்து விழும் சுண்ணாம்பு. புல் மூடியிருப்பதால் அடியில் ஒன்றுமில்லை என்பது தெரியாது. கடற்பறவையைத் துரத்தி விளிம்பைத் தாண்டிவிடும் நாய்கள் உண்டு. அங்கே மேலே இருக்கும் நேரம் முழுவதும் கயிறு கையில் இருக்கட்டும். நாய் கீழே விழுந்தாலும், கடலில் இழுபட்டாலும், நீங்கள் இறங்காதீர்கள். 999ஐ அழைத்து, கோஸ்ட்கார்ட் என்ற கடலோர மீட்புப் பணியினரைக் கேளுங்கள். நாய்க்காகவும் அழைக்கலாம், தயங்க வேண்டாம்.

கட்டுச்சோறும் உண்ணியும்

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டுதான் நாம் போவோம். அருமை, நானும் அப்படித்தான். ஆனால் மிச்சத்தை நாய்க்கு வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், சாம்பாரிலும் குழம்பிலும் இரண்டும் கரைந்தே இருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேசரியிலும் பாயசத்திலும் அதைத் தேடி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கடற்கரையில் நாய் உப்புத்தண்ணீரைக் குடித்துவிடும், ஆகவே நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணமும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

புதர், பெரணி, உயர்ந்த புல் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நாயின் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் விரலால் தடவிப் பாருங்கள். நாய்ப்பொருள் கடையில் உண்ணி எடுக்கும் சிறு கொக்கி விலை குறைவாகவே கிடைக்கும். அதை உண்ணிக்கு அடியில் கொடுத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு வைப்பதும் தவறு. உங்கள் உடம்பையும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளிலோ சில வாரங்களிலோ சிவப்பு வட்டம் படர்ந்தால் அது லைம் நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். வெயில் நாளில் புதர்க்காட்டில் விரியன் வகைப் பாம்பு ஒன்றும் உண்டு, இந்த நாட்டில் விஷமுள்ள காட்டுப் பாம்பு அது ஒன்றுதான். நாயைக் கடித்தால் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். என்ஹெச்எஸ் நாய்க்குக் கிடையாது, செலவு கையைக் கடிக்கும். ஆகவே காப்பீடு எடுத்துவிடுங்கள்.

பயப்படுகிறவர்கள்

ஊரில் தெருநாய்க்குப் பயந்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு லாப்ரடார் ஓடி வந்தாலே உடம்பு நடுங்கும். என் அம்மா விசாவில் வந்திருந்தபோது வயல் கதவருகே அப்படியொரு நாய் வந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். "கவலைப்படாதீர்கள், ரொம்ப நல்லவன்" என்று அதன் உரிமையாளர் தூரத்திலிருந்து கத்தினார். அந்த நேரத்தில் கூச்சப்படாமல், "தயவுசெய்து நாயைக் கூப்பிடுங்கள், அம்மா பயப்படுகிறார்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு நாய் காயப்படுத்திவிடுமோ என்று நியாயமாக அஞ்சும்படி கட்டுப்பாடின்றி விடுவதே இங்கே குற்றம். அதே மாதிரி, உங்கள் நாயைப் பார்த்து யாராவது ஒதுங்கினால் கேட்காமலே கயிற்றைச் சுருக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு, கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மஞ்சள் ரிப்பன் கட்டிய நாய்க்கு இடைவெளி வேண்டும் என்று பொருள். இங்கே நாய்களிடம் வெறிநோய் இல்லை என்று வயதானவர்களுக்கு எடுத்துச் சொன்னால் பாதிப் பயம் போகும். ஆனாலும் கடி பட்டால் காயத்தைக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ரயிலில் ஒருவர் இரண்டு நாய் வரை இலவசமாகக் கூட்டிப் போகலாம், கயிற்றில் இருக்க வேண்டும், இருக்கையில் ஏற்றக்கூடாது. பாதாள ரயிலில் எஸ்கலேட்டரில் நாயைத் தூக்கிக்கொள்ளுங்கள், அதன் பாதம் பற்களில் மாட்டும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் மதியத்துக்கு முன்பே நடையைத் தொடங்குங்கள். சேறு படாத காலணி என்று எதுவும் கிடையாது, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். திரும்பும்போது நாயைத் துடைக்க இரண்டு பழைய துண்டு பையில் இருக்கட்டும்.