குன்றின் மேல் ஏரியல், பள்ளத்தில் வீடு: கேபிளில் தொலையும் சிக்னலை ஈடுகட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பள்ளத்தில் அமைந்த வீடுகளுக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் செம்பனை, அதற்கு அப்பால் சுண்ணாம்புக் குன்று. கூரையில் ஏரியல் வைத்தால் ஒன்றும் கிடைக்காது. மேட்டில் கம்பம் நட்டு, அங்கிருந்து 80, 90 மீட்டர் கேபிள் இழுத்து வர வேண்டும். அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரிந்தது. 2019இல் அது நிறுத்தப்பட்டு எல்லாம் டிஜிட்டலான பிறகு அந்த இடைநிலை போய்விட்டது. வந்தால் பளிச்சென்று வரும். சிக்னல் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் லயத்துக் கடைசி வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, மூன்றாவது பூஸ்டரும் வாங்கி மாட்டியாகிவிட்டது, படம் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்றார். டிவிக்குப் பின்னால் சுவரில், சிக்னலைப் பெருக்கும் அந்தப் பூஸ்டர் பெட்டிகள் மூன்றும் வரிசையாகத் தொங்கின. டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கும் டிகோடர் பெட்டியின் மெனுவைத் திறந்து பார்த்தேன். சிக்னல் வலிமையைக் காட்டும் கோடு முக்கால் பங்குக்கு மேல் ஏறியிருந்தது. தரத்தைக் காட்டும் கோடோ அடிமட்டத்தில் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான்: பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது.

வீடுகளில் பரவலாகப் பயன்படும் ஆர்ஜி 6 கேபிள், டிவி அலைவரிசையின் நடுப்பகுதியான 600 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 17 டெசிபெல் இழக்கிறது. 90 மீட்டருக்கு 15 என்று வையுங்கள். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் சிக்னல் பாதியாகிறது. ஐந்து முறை பாதியானால் மேட்டில் பிடித்ததில் 32இல் ஒரு பங்குதான் வீடு வந்து சேரும். குறைந்ததைப் பெருக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கேபிள் முனையில் எப்போதும் ஒரு மெல்லிய மின் இரைச்சல் இருக்கிறது. சிக்னல் தேய்ந்தாலும் அது தேயாது. தேய்ந்த சிக்னல் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்த பிறகு பூஸ்டரில் நுழைந்தால், இரண்டும் சேர்ந்தே பெருகும். வலிமைக் கோடு ஏறித் தரக் கோடு அசையாமல் கிடப்பதன் காரணம் இதுவே.

ரப்பர் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நான் ஒரே உவமையில் விளக்குவேன். பால் உறையாமல் இருக்க அம்மோனியாவைக் காட்டிலேயே கலக்க வேண்டும். உறைந்துபோன பாலில் ஸ்டோருக்கு வந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அது திரும்ப இளகாது. பூஸ்டரும் அப்படித்தான். இழப்பு நேர்வதற்கு முன்பே, ஏரியலை ஒட்டி, கம்பத்திலேயே அது இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கருவி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலைக் காட்டுவது இரைச்சல் எண்; குறைய இருந்தால் நல்லது. டிவியின் சொந்த இரைச்சல் எண் 7 டெசிபெல், பூஸ்டருடையது 2, பூஸ்டரின் பெருக்கம் 20 என்று கொள்வோம். பூஸ்டரே இல்லாவிட்டால் மொத்த இரைச்சல் எண் 22. டிவிக்குப் பின்னால் வைத்தால் 17. அதே பூஸ்டரைக் கம்பத்தில் வைத்தால் 5! ஒரே பெட்டி, ஒரே விலை; இடம் மாறியதில் மட்டும் 12 டெசிபெல் லாபம். பதினாறு மடங்கு.

அடுத்த தவறு, “பெரிய எண்ணே நல்லது” என்று 40 டெசிபெல் பூஸ்டரை வாங்குவது. கேபிள் இழப்பு 15, இரண்டு டிவிக்குப் பிரிப்பான் ஏறத்தாழ 4. இதற்கு 20 டெசிபெல் போதும். அதற்கு மேல் போனால் பூஸ்டரே திணறி, தான் பெருக்குவதைத் தானே சிதைக்கும். பழைய பூஸ்டர்கள் 862 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் உள்ளே இழுப்பவை. டிவிக்கு இன்று 694 வரைதான். அதற்கு மேலே உள்ள 700 வரிசை கைப்பேசிக்குப் போய்விட்டது. அருகில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் அந்தச் சிக்னல் பூஸ்டரை மூழ்கடித்துவிடும். 694க்கு மேல் வடிகட்டும் பூஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். இருபது வெள்ளி கூடக் கொடுத்தாலும் தகும்.

கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் ஏறுகிறது. அதனால் வரிசை முக்கியம்: ஏரியல், பூஸ்டர், நீண்ட கேபிள், மின்சாரம் ஏற்றும் பெட்டி, அதன் பிறகே பிரிப்பான். பிரிப்பானை இடையில் நுழைத்தால் பல பிரிப்பான்கள் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பூஸ்டர் செத்துக் கிடக்கும், அப்போது சிக்னல் முன்பைவிட மோசமாகும். 12 வோல்ட் பூஸ்டரை டிகோடர் பெட்டி தரும் 5 வோல்ட்டில் ஓட்டப் பார்ப்பதும் நடக்கிறது. 5 வோல்ட் பூஸ்டராகவே இருந்தாலும், மலிவான கேபிளில் நடு நரம்பு செம்பு பூசிய எஃகு. 90 மீட்டரில் அரை வோல்ட் வழியிலேயே தொலையலாம். நீண்ட கேபிளுக்கு 12 வோல்ட்டே என் தேர்வு.

பெரியம்மா வீட்டில் இணைப்பியைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவுதான், வளைந்து நடு நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் மேலே எந்தப் பூஸ்டரை வைத்தாலும் மின்சாரம் போயிருக்காது. பின்னலை முழுவதும் பின்னுக்கு மடித்துவிட்டு, வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்த பிறகே இணைப்பியை நுழையுங்கள்.

மிச்சம் கிடந்த வாக்கிடாக்கி கேபிளை இழுத்துவிடும் பழக்கமும் வேண்டாம். அது 50 ஓம், டிவிக்கு வேண்டியது 75 ஓம். மெல்லிய வகையானால் இழப்பும் இருமடங்குக்கு மேல். 100 மீட்டரைத் தாண்டினால் தடித்த ஆர்ஜி 11 வாங்குங்கள். இழப்பில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கைப்பேசி இணையத்துக்கு இந்த வழி பொருந்தாது. மோடம் பேசவும் கேட்கவும் செய்யும். டிவி பூஸ்டர் ஒரு திசையில்தான் வேலை செய்யும். அனுமதி பெறாத கைப்பேசி ரிப்பீட்டரை மாட்டுவதோ சட்டப்படி குற்றம். மோடத்தையே மேட்டில், மழை புகாத பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்கு நெட்வொர்க் கேபிளை இழுங்கள். 100 மீட்டர் வரை அதில் இழப்பைப் பற்றிக் கவலையே இல்லை.

கடைசியாக மழை. பேராக்கில் பிற்பகல் மழைக்குக் காலம் நேரம் கிடையாது. பெரியம்மாவின் கேபிளில் குன்றுப் பாதையில் ஒரு ஒட்டு இருந்தது, கறுப்பு நாடா சுற்றி. வெட்டிப் பார்த்தால் பின்னல் பச்சை பூத்து, விரலில் பொடியாக உதிர்ந்தது. கணக்கில் போட்ட 15 டெசிபெல் அங்கே எந்த எண்ணாகவும் ஆகியிருக்கலாம். வழியில் ஒட்டே வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில் தானே உருகி ஒட்டும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். பூஸ்டரில் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்துக்கு எர்த் கம்பி கட்டாமல் வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். நம் ஊர் இடி அப்படிப்பட்டது.

வெயிலில் சோதித்துவிட்டுப் போவதும் தவறுதான். பெரியம்மா வீட்டு வேலை முடிந்த மறுநாள் நாலு மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. தொலைபேசியில் கூப்பிட்டு மெனுவைத் திறக்கச் சொன்னேன். பேரன் எண்ணை வாசித்தான்: வலிமை 62, தரம் 90.