சாவி போடும் முன் கால் மணி நேரம்: முதல் கார் வாங்கியவர்களுக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில், உளுந்தூர்பேட்டை தாண்டியதும் என் வண்டி ஹீட் ஆகி நின்றது. பின் சீட்டில் அம்மா, டிக்கி நிறைய மூட்டை முடிச்சு. வந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "கூலண்ட் குறையறது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா சார்?"

தெரியும். எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவம் மூன்று வாரமாகக் குறைந்துகொண்டுதான் இருந்தது. நானும் வாராவாரம் கொஞ்சம் ஊற்றி, கோடு வரை நிரப்பி, வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற பெருமையோடு பானெட்டை மூடியிருந்தேன். அவ்வளவு நாளும் வாட்டர் பம்ப் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

அதிலிருந்து ஒரு பழக்கம். எது குறைந்தாலும் ஊற்றுவதற்கு முன்னால் "எங்கே போச்சு?" என்று கேட்பது. கீழே வருகிற எல்லாப் படிகளிலும் இந்தக் கேள்வி வரும்.

தேவையானவை நான்கே: டயர் காற்றைப் பார்க்கும் ஒரு சின்ன கேஜ், பழைய பனியன் துணி, டார்ச், ஒரு நோட்டு. ஐந்தாவதாக, டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமலேயே கிடக்கும் உங்கள் வண்டியின் கையேடு. நான் வைத்திருப்பது பெட்ரோலில் ஓடும் சின்ன கார். நான் சொல்வதும் கையேடு சொல்வதும் வேறாக இருந்தால் கையேட்டையே நம்புங்கள்.

நேரம்: ஞாயிறு காலை, வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில். இரவு முழுக்க நின்ற வண்டியில் டயர் ஆறியிருக்கும், ஆயில் கீழே இறங்கித் தங்கியிருக்கும், ரேடியேட்டரும் கையைச் சுடாது. கடைக்குப் போய்வந்து அப்புறம் பார்க்கலாம் என்றால் இந்த மூன்றும் போய்விடும்.

படி 1: முதலில் தரையைப் பாருங்கள்

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். நேற்று ஏசி போட்டு ஓட்டியிருந்தால் நிறமில்லாத தண்ணீர் சொட்டியிருக்கலாம், அது சாதாரணம். கறுப்பாக, வழவழவென்று இருந்தால் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு பிசுபிசுத்தால் கூலண்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக எண்ணெய்ப்பசை தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். சந்தேகம் இருந்தால் இரவில் ஒரு பழைய அட்டையை அடியில் விரித்து வைத்தால் போதும், காலையில் சாட்சி தயாராக இருக்கும்.

படி 2: டயர்

இங்கே அவசரப்படாதீர்கள். நான்கு டயரும் சாலையைத் தொடும் இடத்தை எல்லாம் கூட்டினாலும் கிட்டத்தட்ட நான்கு உள்ளங்கை அளவுதான். உங்கள் குடும்பத்தின் மொத்த எடையும் அதன் மேல்தான் ஓடுகிறது.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். சின்ன கார்களுக்கு பெரும்பாலும் 30 முதல் 36 பி.எஸ்.ஐ.க்குள் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறாக இருக்கலாம். நிறைய ஆள், சாமான் ஏற்றினால் கூடுதலாகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. எண்ணைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல.

வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக அழுத்தி, எண்ணை நோட்டில் எழுதுங்கள். நான்கு டயருக்கும் எழுதுங்கள். எல்லா டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இறங்குவது இயல்பு. ஒன்று மட்டும் தனியாக இறங்கினால் அதில் ஆணியோ வால்வுக் கசிவோ இருக்கிறது. பங்க்கில் மாதம் ஒருமுறை நான்கையும் ஒரே அளவுக்கு நிரப்பிக்கொண்டே இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. டியூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்தால் பிடுங்க வேண்டாம். ஆணிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றைப் பார்த்துக்கொண்டு அப்படியே மெதுவாகப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போங்கள்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடிப்பதால் தீங்கில்லை. அடித்துவிட்டோம், இனிப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பதில்தான் தீங்கு.

அடுத்து பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் டயரின் மேல் அச்சு. டயரின் பள்ளங்களுக்கு உள்ளே, குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மீதி ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அதுவே சட்டப்படி கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவது என் வழக்கம். தேய்மானத்தின் வடிவமும் பேசும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. புது டயர் போட்டும் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் அதுவும் அதே ஓரத்தில் தேயும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த நாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார் வாங்குபவர்கள் விலை பேசும் முன் இதைப் பார்க்க வேண்டும். பட்டன் பளபளவென்று இருந்தாலும், பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடினால் அது கிழட்டு டயர்.

படி 3: பானெட்டைத் தூக்கி

திறந்ததும் எலிப் புழுக்கை, கடித்த வயர், இழுத்து வைத்த பஞ்சு எதுவும் இருக்கிறதா என்று ஒரு பார்வை. வாரம் முழுக்க நிற்கும் வண்டிக்கு எலிதான் முதல் எதிரி. பானெட்டுக்குள் கை விடும்போது சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலும்.

எஞ்சின் ஆயில்: ஆயில் அளவு காட்டும், வளையம் போட்ட டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடையுங்கள். முழுவதும் உள்ளே செருகி மறுபடி எடுங்கள். இரண்டாவது முறை காட்டுவதுதான் கணக்கு. இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி. பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான். ஆகவே ஊற்ற நேர்ந்தால் கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல்குறியைத் தாண்டினாலும் கெடுதல், ஆயில் நுரைத்துவிடும். நிறம் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் டீ நிறத்தில் கலங்கி இருந்தால்தான் பயப்பட வேண்டும்: ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கூலண்ட்: ரேடியேட்டர் பக்கத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா இருக்கும். 'லோ', 'ஃபுல்' என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவே அளவு நிற்க வேண்டும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திருகி அழுத்தத்தை விட்ட நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். போர் தண்ணீரும் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் வீட்டு ஹீட்டரில் என்ன செய்கிறதோ அதையேதான் ரேடியேட்டருக்குள்ளும் செய்யும். கலந்தே விற்கும் கூலண்ட், அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். ஊற்றிய தேதியையும் அளவையும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு முறை எழுத நேர்ந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். நான் மூன்று முறை ஊற்றிவிட்டு உளுந்தூர்பேட்டை வரை போனேன்.

பிரேக் ஆயில்: டிரைவர் பக்கம் ஒரு சின்ன டப்பா. இது நீங்கள் ஊற்றும் பொருளே அல்ல, பார்க்கும் பொருள். பிரேக் பேட் தேயத் தேய இதன் அளவும் மெல்ல இறங்கும். அதனால் குறைந்திருந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ கசிகிறது. ஊற்றிவிட்டால் அந்தத் தகவலையே அழித்துவிடுகிறீர்கள். காற்றின் ஈரத்தை இது உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சர்வீஸில் கேட்டு வாங்குங்கள், பலர் தானாகச் செய்வதில்லை. பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பேட்டரி: முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கழற்றுவதானால் முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மல்டிமீட்டர் இருந்தால் காலையில் 12.4 முதல் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி. செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்க ஆரம்பித்தால், பேட்டரி வாங்கி மூன்று நான்கு வருடமும் ஆகியிருந்தால், நடுரோட்டில் நிற்கும் வரை காத்திருக்காதீர்கள். பேட்டரியைக் குளிரைவிட வெயில்தான் சீக்கிரம் தின்னும்.

வைப்பர் டப்பாவில் தண்ணீர் நிரப்புங்கள். இதில் மட்டும் கேள்வி கேட்காமல் ஊற்றலாம்.

படி 4: விளக்கு

வீட்டில் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். ஆள் இல்லையென்றால் சுவரை ஒட்டிப் பின்பக்கத்தை நிறுத்தி, கண்ணாடியில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட் போனால் ஓட்டுபவருக்கே தெரிந்துவிடும். பிரேக் லைட் போனது பின்னால் வருபவருக்குத்தான் தெரியும், அதுவும் இடித்த பிறகு.

படி 5: இப்போது சாவி

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தைய 'ஆன்' கட்டம் வரை மட்டும் திருப்புங்கள், பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பெரும்பாலும் இரண்டு முறை அழுத்த வேண்டும். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு முதலிலேயே எரியவில்லை என்றாலும் கோளாறுதான், எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறுதான். ஓடும்போது மஞ்சள் விளக்கு வந்தால் சீக்கிரம் காட்டுங்கள். சிவப்பில் ஆயில் கேன் படமோ வெப்பமானிப் படமோ வந்தால் பக்கத்து பங்க் வரை போகலாம் என்ற கணக்கே வேண்டாம். ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

பிரேக்குக்கு ஒரு எளிய சோதனை. எஞ்சின் அணைந்திருக்கும்போது பெடலை நான்கைந்து முறை மிதித்தால் கெட்டியாகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால், உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் தரை நோக்கி நழுவிக்கொண்டே போனாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். பின் சீட் பெல்ட்டும் சேர்த்துத்தான். சீட் கவர் போடும்போது பக்கிள் உள்ளே புதைந்துபோன வண்டிகள் நம்மிடையே ஏராளம்.

மாதம் ஒருமுறை: ஸ்டெப்னி

இந்தச் சொல்லே ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் விற்ற மாற்றுச் சக்கரம் அது. அங்கே பெயர் மறைந்தாலும் நம் பஞ்சர் கடைகளில் இன்னும் வாழ்கிறது. உங்கள் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? 80 என்று வேக எல்லை ஒட்டியிருக்கிறதா? ஜாக்கி, வீல் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம் மூன்றும் டிக்கியில் இருக்கின்றனவா?

ஒரு ஞாயிறு வீட்டு வாசலிலேயே மாற்றிப் பழகுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். எந்த நிலையிலும் வண்டிக்கு அடியில் உடம்பை விடக் கூடாது. மாட்டும்போது எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு முழு பலத்தோடு இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.

ஐப்பசி பிறக்கும் முன்

வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், ஆறு மாத வெயிலில் அது முறுக்காகியிருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது என்பதால் எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைத் தொடாமல் டோ செய்யச் சொல்லுங்கள். அப்படி ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைகொடுக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். எடுத்த கையோடு அதன் கடைசித் தேதியையும் புகைச் சான்றிதழின் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

என் நோட்டில் போன மாதம் பின் இடது டயர் மட்டும் 33, 31, 29 என்று இறங்கியிருந்தது. பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார்கள், ஆணி எதுவும் இல்லை. நோட்டைக் காட்டியதும் அந்த அண்ணன் வால்வு முனையில் கொஞ்சம் எச்சிலைத் தொட்டு வைத்தார். நிதானமாக ஒரு குமிழி எழும்பியது.